மானேஜர் வெளியே போகும் நேரம்

இல்லம்மா, அந்த சோபா வேணாம், இந்த நாற்காலில உக்காருங்க. சோபாவுக்குப் பின்னாடி நேத்து நடந்ததைச் சொன்னேன்னா உங்க கையில இருக்கிற டீ உள்ள இறங்காது. ரெண்டு தடவை கழுவியாச்சு. ஆனா நான் இன்னும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போறேன். நீங்க நாய் பழக்குறவங்க, உங்களுக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்கும். எனக்குப் பழகல. நான் முப்பத்தஞ்சு வருஷம் லிப்ட் மெக்கானிக்கா இருந்தவன். கிரீஸ்ல முங்கி எந்திரிச்சிருக்கேன். லிப்டுக்கு அடியில குழி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள எலி செத்துப் புழு நெளியும். அதைத் தொடப்பத்தால ஓரமாத் தள்ளிட்டு அங்கேயே உக்காந்து சாப்பாட்டு டப்பாவைத் தொறந்தவன் நான். ஆனா இந்தப் பீ இருக்கே, மன்னிச்சுக்கோங்க, அதுக்கு வேற என்ன பேரு வெச்சாலும் அது அதுதானே, அதைக் கண்டாலே வயித்துல இருக்கிறது தொண்டைக்கு வந்துடுது.

கொஞ்சம் மெதுவாவே பேசலாம். என் வீட்டுக்காரம்மா குளிக்கப் போயிருக்கா. உள்ள போனா முக்கால் மணி நேரம் ஆகும் வெளிய வர. அவ வந்துட்டா நாம பேச முடியாது, அவதான் பேசுவா.

பொண்ணு போன வாரமே போன்ல சொன்னா, நல்லாப் பழக்குற ஒருத்தங்க இருக்காங்க, அனுப்பி வைக்கிறேன்னு. வேணாம்னு நாலு தடவை சொன்னேன். கேட்டாத்தானே. அவ அவங்கம்மாவை உரிச்சு வெச்சவ, ஒண்ணு சொன்னா சொன்னதுதான். ரெண்டு வாரத்துல நாய் ஒழுங்கா வெளிய போய்ப் பழகணும், இல்லேன்னா மாப்ளையோட சிநேகிதர் யாரோ தோட்டம் வெச்சிருக்காராம், அங்க கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொல்லிட்டா. அம்மாவுக்கு இந்த வயசுல இந்த அசிங்கம் எதுக்குங்கிறா. வாஸ்தவம்தான். யாரு இல்லேன்னா.

அதோ மேஜைக்கு அடியில படுத்திருக்கானே, அவன்தான். நாலு மாசக் குட்டி. பேரு மானேஜர். சிரிக்காதீங்க, குளிக்கப் போயிருக்காளே, அவ வெச்ச பேரு. வீட்டுக்காரம்மா ஒரு பெரிய ஹோட்டல்ல இருபத்தெட்டு வருஷம் ரூம் சூப்பர்வைசர். பதினாறு பேரு ரூம் ரூமா சுத்தம் பண்ணிட்டுப் போவாங்க, இவ பின்னாடியே போய்ப் பாப்பா. எங்க பாப்பா தெரியுமா? மேஜை, நாற்காலியெல்லாம் இல்ல. கதவுக்கு மேல சட்டம் இருக்கும் பாருங்க, அங்க விரலை வெச்சு இழுப்பா. விரல்ல தூசி வந்துச்சோ, அந்த ரூம் மறுபடியும் மொதல்லேர்ந்து. அந்த ஹோட்டல்ல ஒரு மானேஜர் இருந்தாராம். வருவாராம், சாப்பிடுவாராம், அங்க இங்க நடந்து யாரோட வேலையையாவது கெடுத்து வெச்சுட்டுத் திரும்பப் போய்த் தூங்குவாராம். இந்தக் குட்டி வந்த அன்னிக்கே, இது அந்தாளேதான்னு சொல்லிட்டா.

வந்து ரெண்டு மாசம் ஆச்சும்மா. மொத வாரத்தை நினைச்சா இப்பவும் குமட்டுது. செருப்பு வைக்கிற அலமாரில ஒண்ணு. பிரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, என் கையே நுழையாது, இவன் எப்படிப் பின்பக்கமா நுழைஞ்சான்னு தெரியல, அங்க ஒண்ணு. ஒருநாள் காலையில கண்ணாடி போடாம எந்திரிச்சு வந்தேன். வெறுங்கால். கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல சளக்குன்னு ஏறிச்சு பாருங்க. ஒத்தைக்கால்ல நொண்டிக்கிட்டே பாத்ரூம் வரைக்கும் போனேன். கால் வேணாம், வெட்டிப் போட்டுடலாம்னு தோணிச்சு. இன்னொரு நாள் பண்ணுனதை அவனே தின்னுக்கிட்டு இருக்கான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும் அது எதைத் தின்னப் போகும்னு சொல்லி வெச்சிருக்காங்களே, அந்தப் பழமொழிய நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு அன்னிக்கு ராச்சாப்பாடு வேணாம்னுட்டேன். தின்னுட்டு வந்து அதே வாயால என் கையை நக்குறான்.

அதுவும் ஒரு மாதிரியா இருந்தாத் தேவலையே. ஒருநாள் கோலிக்குண்டு. ஒருநாள் சேறு. ஒருநாள் வெறும் மஞ்சத் தண்ணி. நேரமும் கிடையாது. காலையில ஆறுக்குப் போவான், ஆறரைக்குப் போவான், அப்புறம் நாள் பூரா ஒண்ணுமில்லாம இருந்துட்டு, சாயங்காலம் நாம நிம்மதியா ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில வைக்கிறப்போ போவான்.

சுத்தம் பண்றது நான்தான். அவளுக்கு முட்டி மடங்காது. ஆனா நாற்காலியப் போட்டு உக்காந்து மேற்பார்வை பாப்பா. மொதல்ல காகிதத்தால அள்ளி எடுங்க, தேய்க்காதீங்க, தேய்ச்சா இழைக்குள்ள இறங்கிடும். ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வாங்க, நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போகாதீங்க. பச்சைத் தண்ணிதான், சுடுதண்ணி ஊத்துனா கறை வெந்து அங்கேயே உக்காந்துக்கும். அப்புறம்தான் வினிகர். அப்புறம்தான் சோப்பு. நான் மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு முட்டி போட்டுக் கெடப்பேன், இவ மேலேர்ந்து, அந்த மூலையில இன்னும் இருக்கு பாருங்கன்னுவா. இருக்கும்மா. கண்ணாடி போட்ட எனக்குத் தெரியாது, பத்தடி தள்ளி உக்காந்திருக்கிற அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணு இன்னும் அப்படியே இருக்கு.

இந்தாங்க, இந்த நோட்டைப் பாருங்க. பொண்ணு உங்ககிட்டக் காட்டச் சொன்னா. மானேஜருக்குன்னு போட்ட நோட்டு. ஹோட்டல்ல ஒவ்வொரு ரூமுக்கும் என்ன நேரத்துக்கு யாரு போனாங்க, என்ன பாக்கின்னு எழுதி எழுதி அவளுக்குக் கை நிக்காது. தேதி, நேரம், எந்த இடம், கெட்டியா தண்ணியா, எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கா. எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா. நாய்ப்பீயை இவ்வளவு அழகா யாராவது எழுதுவாங்களா? நாய் டாக்டர் இதைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ரெண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. குட்டி நாயின்னா சாப்பிட்ட பத்து நிமிஷத்துல போகும், தூங்கி எந்திரிச்சாப் போகும், விளையாண்டாப் போகும், இதுல பாதி அப்படித்தான் இருக்கு, மீதிப் பாதி எதோடவும் ஒட்டலையேன்னாரு. வயசாகலையே சார், போகப் போகச் சரியாயிடும்னு நானே அவருக்குச் சமாதானம் சொல்லி நோட்டை வாங்கிட்டு வந்துட்டேன்.

எது? கதவைப் பிராண்டுறதா? அதெல்லாம் சும்மா. அவனுக்கு அது விளையாட்டு. நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லேம்பாங்களே, அதான். விடுங்க, டீயைக் குடிங்க. இல்லம்மா, நீங்க எதுக்குக் கீழ இறங்கிக்கிட்டு. சரி. சரி, கூட்டிட்டுப் போங்க. கழுத்துப்பட்டை ஆணில மாட்டியிருக்கு. லிப்ட்ல போங்க, மூணு மாடி. நான் வரல, அவ உள்ள தனியா இருக்கா. பால்கனிலேர்ந்து பாத்துக்கிறேன்.

வாங்க. பாத்தேன், பாத்தேன். கேட்டுக்கு வெளிய, அந்த மரத்தடியில. ரெண்டு நிமிஷம்கூட ஆகல இல்ல? மண்ணை வேற பின்னங்காலால தள்ளி மூடுறான், துரை. ஏன் அவனைத் தூக்கி மடில வெச்சுக்கிறீங்க, கால்ல மண்ணு இருக்கும். சரி, உங்க மடி, உங்க விருப்பம்.

அப்படிச் சொல்லாதீங்கம்மா. பழகிட்டான்னு எப்படிச் சொல்றீங்க, நீங்க பாத்தது அரைமணி நேரம். அவன் ஆளைப் பாத்து நடிக்கிறான். புது ஆள் வந்தா நல்ல பிள்ளையாட்டம் கதவுகிட்டப் போய் நிப்பான், நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஆரம்பிச்சுடுவான். நாய் நடிக்காதா? உங்களுக்கு எத்தனை நாயைத் தெரியும்? நானூறா. சரி, நானூறுல ஒண்ணு இப்படி இருக்கக்கூடாதா.

நோட்டுல எந்தப் பக்கம்? கண்ணாடி எங்க வெச்சேன். குடுங்க பாப்போம். பன்னெண்டாம் தேதி. ஆமா, சோபா பின்னாடி, காலை பதினொண்ணு பத்து, கெட்டி. அவ எழுத்துதான். அதுக்கென்ன.

ஓ.

ஆமா. அந்தச் சீட்டு, இவனை ஆஸ்பத்திரில சேக்குறப்போ நாய் டாக்டர் குடுத்தது. பதினொண்ணாம் தேதி காலையில சேத்தோம், பதிமூணாம் தேதி சாயங்காலம் கூட்டிட்டு வந்தோம். வயித்துப்போக்கு. ரெண்டு நாள் சலைன் ஏத்துனாங்க. அவளேதான் அந்தச் சீட்டைக் கோந்து தடவி அந்தப் பக்கத்துல ஒட்டி வெச்சா, அளவெடுத்த மாதிரி நேரா. ஒட்டிட்டு அதுக்குக் கீழேயே இதை எழுதியிருக்கா. மானேஜர்னு எழுதியிருக்கா. நான் எத்தனை தடவை இந்த நோட்டைப் புரட்டியிருக்கேன், எனக்குப் படல பாருங்க. உங்களுக்கு ஒரே பார்வையில பட்டுடுச்சு.

இல்ல, வேற நாய் எதுவும் இல்ல. பூனையும் இல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைங்க யாரும் வர்றதில்ல.

அவதாம்மா. வேற யாரு.

டீ ஆறிப் போச்சு, சூடு பண்ணித் தரட்டுமா? வேணாமா. சரி.

மொத தடவை, இவன் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. இதே எடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தா. நான் எதிர்ல. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சா, சோபாவுக்குப் பின்னாடி போனா. ஏதோ எடுக்கப் போறான்னு நினைச்சேன். பாத்ரூம்குள்ள போற மாதிரியே போனாம்மா. அங்க இல்லாத கதவைச் சாத்துற மாதிரி கையைக்கூட அசைச்சா. நான் எந்திரிச்சு எட்டிப் பாத்தேன். பாத்திருக்கக்கூடாது. திரும்பி வந்து, துணியைச் சரி பண்ணிக்கிட்டு, விட்ட எடத்துலேர்ந்து பேப்பரைப் படிக்கிறா. அஞ்சு நிமிஷம் கழிச்சு மூக்கைத் தூக்குனா. என்னங்க, என்ன நாத்தம் இதுன்னா. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா. பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாத்தா. வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. அவ பாத்த பார்வையில, ஆமா, நான்தான், அடக்க முடியலன்னு சொல்லிட்டேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க.

அன்னிக்கு அவ என்னைத் திட்டல. கூடவே வந்து, கையைப் பிடிச்சுக் குளிக்க வெச்சா. நான் சுத்தமாத்தான் இருந்தேன், இருந்தாலும் குளிச்சேன். அடுத்த வாரம் மறுபடி. அதுவும் நான்தான். அப்புறம் பொண்ணுகிட்டச் சொல்லிட்டா. பொண்ணு வந்து டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. ஒருநாள் பூரா பட்டினி போட்டு, மருந்தைக் குடுத்து வயித்தைக் கழுவி, பின்னாடி குழாயை விட்டுப் பாத்தாங்கம்மா. உள்ள ஒரு பையன் நர்ஸு, ரெண்டு பொண்ணு நர்ஸு, எல்லாரும் நிக்கிறாங்க. நாய் வேஷம் போட்டாச்சு, குரைச்சுத்தானே ஆகணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். எல்லாம் சுத்தமா இருக்கு, கல்லு மாதிரி இருக்கீங்கன்னு டாக்டர் சொல்றாரு. நான் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், பொண்ணு என்னைப் பாத்து முழிக்கிறா.

அதைக்கூடத் தாங்கிடுவேன். இவ ஆரம்பிச்சா பாருங்க. நான் பாத்ரூம் போனா வெளிய நாற்காலி போட்டு உக்காந்துக்குவா. சாப்பிட்டா என் தட்டையே பாப்பா. டாக்டர் எதையோ மறைக்கிறாருன்னு அவளா முடிவு பண்ணிட்டா. ஒருநாள் அழுதா. இருபத்தெட்டு வருஷம் பதினாறு பேரை மேய்ச்சவ, நான் அவ அழுது பாத்ததே இல்ல. நீங்க எனக்கு முன்னாடி போயிடுவீங்க, எனக்குத் தெரியும்னு அழுதா. அதுக்கப்புறமும் நான்தான் நான்தான்னு எப்படிம்மா சொல்லிக்கிட்டு இருக்கிறது. மறுநாளே போய் இவனை வாங்கிட்டு வந்தேன். நாயைக் கண்டா எனக்கு ஆகாது. தொட்டாக்கூட சோப்புப் போட்டுக் கை கழுவுற ஆளு நான். பொழுது போகலன்னு பொண்ணுகிட்டச் சொன்னேன். நம்பிட்டா.

அவளைக் காட்டாம இருப்பேனா? தலைவலிக்குன்னு சொல்லிப் பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டேன். மண்டையைப் படம் எடுத்தாங்க. மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு, நான்தான் எண்ணிக் குடுக்கிறேன். ஞாபகம் மெதுவாத்தான் போகும், ஆனா போனது திரும்பி வராதுன்னாரு. இப்போதைக்கு இது ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் அவ சரியாத்தான் இருக்கா. என் சட்டைக் காலர்ல அழுக்கு இருந்தா இன்னும் கண்டுபிடிக்கிறா. இதை மட்டும் பண்ணுனது அவளுக்கு ஞாபகமே இருக்கிறதில்ல.

சொல்லிடலாம்னு ஈசியாச் சொல்றீங்க. உங்க வேலை அப்படி. எங்க வேலையில, லிப்ட் நடுவுல நின்னு ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னா, என்ன கோளாறுன்னு உள்ள இருக்கிறவங்ககிட்ட வாயைத் தொறக்கக்கூடாது. அதான் மொத பாடம். பிரேக் பிடிச்சுக்கிச்சு, கம்பி போச்சு, எதையும் சொல்லக்கூடாது. கரண்ட் போயிருக்கு, இதோ வந்துடும்னு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒருத்தன் பேசிக்கிட்டே இருப்பான், மேல ஒருத்தன் கையால சக்கரத்தைச் சுத்துவான். நான் எப்பவும் பேசுற ஆளு. பயந்துடுவாங்கம்மா, தெரிஞ்சா. கதவைப் போட்டு அடிப்பாங்க. இவளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? கதவுச் சட்டத்துல விரலை வெச்சுப் பாத்தவ. சாப்பிடுறதையே நிறுத்திடுவா. உள்ள போனாத்தானே வெளிய வரும்னு நிறுத்திடுவா, எனக்குத் தெரியும் அவளை.

இந்த நாயி முட்டாளா இருந்திருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. மூணே வாரத்துல கத்துக்கிட்டான். யாரும் சொல்லிக் குடுக்கல, அவனாவே கதவுகிட்டப் போய் நின்னான். ஒரு வாரம் பூரா நோட்டுல வெளிய, வெளிய, வெளியன்னு எழுதுனா. மானேஜர் திருந்திட்டாருங்கன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னா. அந்த வாரக் கடைசில, இதோ இந்த இடத்துல ஒண்ணு. அவன் அப்பத்தான் வெளிய போயிட்டு வந்து தூங்குறான். அவ அதையும் பாத்தா, இவனையும் பாத்தா, நோட்டையும் பாத்தா. அப்ப இது யாருதுங்கன்னு கேட்டா. நான் ஏதேதோ உளறுனேன். அவ விடல, ரெண்டு நாள் அதையே கேட்டா.

அதனால பால் குடுத்தேன்.

ஆமா, தெரிஞ்சுதான். பால் அவனுக்கு ஒத்துக்காதுன்னு வாங்குன எடத்துலேயே சொல்லித்தான் குடுத்தாங்க. ஒரு கிண்ணம் குடுத்தேன், வீடெல்லாம் போனான். அவளுக்குச் சந்தேகம் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் குடுத்தேன். அப்புறம் கொஞ்சம் கூடவே குடுத்தேன். ஒருநாள் காலையில எந்திரிக்கவே இல்ல. துணி மாதிரி கெடந்தான். தூக்கிக்கிட்டு ஓடுனேன். கை பூரா அவன் கழிசல், சட்டை பூரா, அன்னிக்கு எனக்குக் குமட்டல. ஊசி போடுறப்போ என் விரலை நக்குறான், அந்த நிலைமையில. நாத்தம் நாத்தம்னு இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசுனேனே, அன்னிக்கு எனக்கு என்னைப் பாத்துத்தான் அருவருப்பா இருந்துச்சு. நாய் டாக்டர் பால் கீல் குடுத்தீங்களான்னு கேட்டாரு. இல்லேன்னுட்டேன்.

அதுக்கப்புறம் குடுக்கல. சத்தியமா ஒரு சொட்டு குடுக்கல. இனிமேலும் குடுக்க மாட்டேன். அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்.

நீங்க ரெண்டு வாரமும் வாங்க. உக்காரச் சொல்லுங்க, கை குடுக்கச் சொல்லுங்க, பந்தை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, என்னென்ன தெரியுமோ எல்லாம் பழக்குங்க. பொண்ணுகிட்ட மட்டும், இந்த ஒரு விஷயம் இவனுக்கு வரமாட்டேங்குது, சில நாய்க்கு வருஷம் ஆகும், பொறுமையா இருங்கன்னு சொல்லுங்க. தோட்டத்துக்கெல்லாம் அனுப்புனா நாய் ஏங்கிடும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. உங்க பேரு கெடும், தெரியுது. நாலு பேருகிட்ட, அந்தம்மா பழக்குன நாய் வீட்லேயே போகுதுன்னு சொல்லுவா. அதையும் சேத்துத்தான் கேக்குறேன்.

பொண்ணுகிட்டச் சொல்லாமலே இருந்துட முடியாதுதான். சொல்றேன். ஆனா அவளுக்கு எதுவும் மனசுல நிக்காது, மொகத்துல வந்துடும். வாசப்படி ஏறுறப்பவே அழுதுக்கிட்டு வருவா. அவங்கம்மா ஒரு பார்வை பாத்தாப் போதும், வயித்துல இருக்கிறதைக் கறந்துடுவா. இன்னும் கொஞ்ச நாள். இவளுக்கு இதை எழுதணும்கிறதே மறந்துபோற வரைக்கும். அதுவரைக்கும் சமாளிச்சுட்டாப் போதும்மா. அந்த நாள் சீக்கிரம் வரணும்னும் நினைக்கிறேன், வரவே கூடாதுன்னும் நினைக்கிறேன். என்ன மனுஷனோ நான்.

என்ன, சரின்னு சொல்றீங்களா? சும்மா தலையை ஆட்டுனா எனக்குப் புரியாது. எதுக்கு அங்க பாக்குறீங்க.

ஏ, அதுக்குள்ள குளிச்சு முடிச்சுட்டியா. எப்ப வந்து நின்னே, சத்தமே கேக்கலையே. நில்லு, நில்லு, அங்கேயே நில்லு, முன்னாடி கால் வைக்காத. இல்ல, ஒண்ணுமில்ல. இவங்கதான் நாய் பழக்க வந்தவங்க, பொண்ணு அனுப்புனாளே. உன் நோட்டைப் பாத்துட்டு அசந்து போயிட்டாங்க. ஆமா, எனக்கும் நாத்தம் அடிக்குது. வாசல்லேர்ந்தே அடிக்குது. கீழ பாக்காத, நான் பாத்துக்கிறேன். வேற யாரு பண்ணுவா, எல்லாம் நம்ம மானேஜர்தான், இப்பத்தான், இவங்க இருக்கிறப்பவே போய் அங்க பண்ணிட்டு வந்துட்டான். காகிதம்தானே மொதல்ல, தெரியும். பச்சைத் தண்ணிதான், தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்பி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே ரெண்டு நிமிஷம் நில்லு.

அம்மா, அவனை மடிலேர்ந்து கீழ விட்டுடுங்க. அவ இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள.